கல்லை அரைத்த கைகள்

1

நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற கல்லுக்கு விலைச்சீட்டு உண்டு. எந்த நாட்டுச் சுரங்கத்தில் எடுத்த கல் என்றுகூடச் சில கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். அதை அரைத்தது யார், மெருகு போட்டது யார் என்று பெரும்பாலும் எந்தச் சீட்டிலும் இருக்காது. வெறும் வியாபாரப் பழக்கம் என்று இதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. பொருளுக்குப் பெயர் கொடுத்து, உழைத்தவரைப் பெயரில்லாமல் ஆக்குவதுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்ட வரலாறு. கோபுரத்துக்கு ராஜா பெயர். ஏரிக்கும் ராஜா பெயர். மண் சுமந்த சனங்க எங்கே என்று கோவிலிடமும் ஏரியிடமும் நாம் கேட்டிருக்கிறோம். ஒரு கல்லிடமும் கேட்டுப் பார்க்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லின் பெயர் டர்க்காய்ஸ். வான நீலத்திலிருந்து பாசிப் பச்சை வரைக்கும் நிறம் காட்டும், ஒளி ஊடுருவாது. வடக்கே பிரோஸா என்பார்கள். நம்ம நவமணிப் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு மணிகளைப் பற்றித் தெரியாமல் இருக்காது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் ரத்தினக் கடைத்தெரு வருகிறது. ஒவ்வொரு மணிக்கும் குணம் என்ன, குற்றம் என்ன என்று வகைவகையாக வருகிறது. பரீட்சைக்கு அதையெல்லாம் மனப்பாடம் செய்தோம். மணியைத் துளையிடுகிற தொழிலாளியோ மதுரைக்காஞ்சியில் ஒரு சொல்லாக வந்து ஒரு சொல்லாகவே போய்விடுகிறார். கல்லின் குற்றம் குணம் தெரிந்துகொள்ள ஏற்பாடு இருந்தது. அரைத்தவரைத் தெரிந்துகொள்ள எந்த ஏற்பாடும் இல்லை.

டர்க்காய்ஸ் என்ற பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. பழைய பிரெஞ்சு மொழியில் அதற்குத் ‘துருக்கியது’ என்று அர்த்தம். கல் துருக்கியில் விளைந்ததல்ல. ஈரானின் நிஷாபூர் சுரங்கங்களில் வெட்டியெடுத்து, துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. வெட்டினவன் ஊர்ப் பெயர் நிற்கவில்லை, சரக்கு கைமாறின வழியின் பெயர் நின்றது. இதே போல இன்னொரு பெயர்: ‘இந்தியர்’. 1492-ல் கொலம்பஸ் திசை தப்பிப் போய் இறங்கினான். அவன் தப்புக்கு ஒரு கண்டத்துச் சனங்க ஐந்நூறு வருஷமாகப் பெயர் சுமக்கிறார்கள். இந்தக் கல்லை அரைப்பதில் உலகத்தில் பேர் பெற்றவர்கள் அந்தச் சனங்கதான். அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் வாழும் ஜூனி மக்கள். ஜூனி என்பதும் அடுத்தவர் வைத்த பெயர்தான். தங்களை அவர்கள் அஷிவி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலையைத் தெரிந்துகொள்ளாமல் வேலை செய்கிறவரைப் பற்றி எழுதுவது மேல்தட்டு ஆராய்ச்சியாளர்களின் வழக்கம். நமக்கு அது வேண்டாம்.

நம்ம பேச்சில் கல் என்றாலே பட்டை தீட்டுவதுதான் ஞாபகம் வரும். பட்டை தீட்டுவது ஒளி உள்ளே போய்த் திரும்பி வருகிற கல்லுக்கு. டர்க்காய்ஸுக்குள் ஒளி போகாது. பட்டை தீட்டிப் பிரயோஜனம் இல்லை. அதனால் அடியைத் தட்டையாகவும் முதுகைக் கவிந்த மாதிரி உருண்டையாகவும் அரைக்கிறார்கள். இந்த வடிவத்துக்குக் கபோஷான் என்று பெயர். தலை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஓரம் சற்றே உள்பக்கம் சாய்ந்திருக்கும். சுற்றி நிறுத்தின மெல்லிய வெள்ளித் தகட்டை அந்தச் சாய்வின் மேல் மடித்து அழுத்தினால் கல் கழன்று விழாது.

டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் சேர்ந்து நீர் கோத்த பாஸ்பேட் கனிமம். செம்பு நீலம் கொடுக்கும். இரும்பு சேர்ந்தால் பச்சை ஏறும். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 5-லிருந்து 6. ஏறக்குறைய ஜன்னல் கண்ணாடி அளவு. பாறைப் பிளவில் பெரும்பாலும் மெல்லிய ஏடாகத்தான் கிடைக்கும். கல்லில் நுண்ணிய துளைகள் இருப்பதால் எதைத் தொட்டாலும் உறிஞ்சும். எண்ணெய் விட்டு ஓட்டுகிற ரம்பத்தில் அறுத்தால் எண்ணெய் குடித்து நிறம் கெட்டுப்போகும். தண்ணீர் ரம்பம்தான் சரிப்படும். போட்டுக்கொள்கிறவரின் வேர்வையும் தோலின் எண்ணெயும் பட்டு நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகும்.

அறுத்த ஏடு மெலிசாக இருந்தால் அடியில் வேறு ஒன்றைப் பசை வைத்து ஒட்டி முட்டுக் கொடுக்கிறார்கள். மேலே வடிவம் வரைந்து, ஓரத்தை முரட்டுச் சாணைச் சக்கரத்தில் கழிக்கிறார்கள். பிறகு ஒரு குச்சி முனையில் மெழுகை உருக்கி, கல்லை அதில் ஒட்டி, குச்சியைப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றி முதுகை உருட்டுகிறார்கள். சக்கரத்தில் சூடு ஏறினால் மெழுகு இளகிக் கல் தெறித்துவிடும். கல்லும் வெடிக்கும், நிறமும் மாறும். அதனால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கணும். கல்லுக்குள் ஓடுகிற கறுப்பு, பழுப்புத் தாய்ப்பாறை நரம்பு ஒரு கடினம், நீலப் பகுதி ஒரு கடினம். கை ஒரே அழுத்தத்தில் போனால் மெதுவான இடம் பள்ளமாகும். எங்கே அழுத்தணும், எங்கே விடணும் என்பது புத்தகத்தில் வராது. விரல் நுனியில் இருக்கிற அறிவு அது. ஒளிக்கு நேரே பிடித்துத் திருப்புவார்கள். முதுகின் மேல் வெளிச்சக்கோடு தடங்கலில்லாமல் வழுக்கிப் போனால் உருட்டு சரி. எங்காவது தயங்கி உடைந்தால் அங்கே ஒரு தட்டை இருக்கிறது.

அடுத்தது தேய்ப்பு. முரட்டு மணலில் விழுந்த கீறலை அதைவிட நைசானதால் தேய்த்து எடுக்கணும். அது போட்ட கீறலை இன்னும் நைசானதால். 100, 220, 600, 1200 என்று எண் ஏற ஏறக் கீறல் சின்னதாகும். ஒரு படியைத் தாண்டினால் கடைசியில் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். யோசித்துப் பாருங்கள், மெருகு என்பது என்ன? முந்தைய உழைப்பின் தடத்தை அடுத்த உழைப்பு அழிக்கிறது. கடைசியில் கை பட்ட அடையாளமே தெரியாத ஒரு பளபளப்பு. வாங்குகிறவருக்கு அதுதான் வேணும்.

அந்தக் கடைசிப் பளபளப்பு எதில் வருகிறது தெரியுமா? தோலில். தோல் சுற்றின சக்கரத்தில் மெருகுப் பொடியையோ பசையையோ பூசி, அதில் கல்லைக் காட்டினால்தான் டர்க்காய்ஸுக்குக் கண்ணாடி மாதிரி மினுக்கு வரும். சக்கரமும் மின்சாரமும் வராத காலத்தில் மணற்பாறைப் பலகையில் கையால் தேய்த்துவிட்டு மான்தோலில் மெருகு போட்டார்கள். இதைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். நம் நாட்டில் தோலைத் தொட்டவரைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்தார்கள். மணியைச் சாமிக்குச் சாத்தினார்கள். ஜூனியில் டர்க்காய்ஸ் புனிதம். சடங்கில் வைக்கிற பொருள். அந்தப் புனிதத்துக்கு ஒளி கொடுப்பது மிருகத் தோல். தோலில் தீட்டு இருந்தால் அது கல்லில் ஏறியிருக்கணுமே! ஏறவில்லை. தீட்டு பொருளில் இல்லை, தொடுகிற கையிலும் இல்லை. தீட்டு என்று சொல்கிறவன் வாயில் இருக்கிறது.

3

இதைச் சொல்லிவிட்டு, அங்கே எல்லாம் சமத்துவமாக இருந்தது என்று ஒரு சொர்க்கத்தைக் கட்ட நான் தயாரில்லை. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் புவெப்லோ பொனிட்டோ என்ற பெரிய கல்வீட்டு ஊர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உச்சத்தில் இருந்தது. அதன் 33-ஆம் எண் அறையை 1896-ல் தோண்டினார்கள். அங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களில் இரண்டு பேரோடு மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட டர்க்காய்ஸ் மணிகளும் துண்டுகளும் இருந்தன. 2017-ல் வெளியான மரபணு ஆய்வு, அந்த அறையில் புதைக்கப்பட்டவர்களில் ஒன்பது பேர் ஒரே தாய்வழியில் வந்தவர்கள், ஏறக்குறைய 330 வருஷம் அந்த வழி நீடித்தது என்று காட்டியது. அதாவது ஒரு மேல்குடி இருந்தது. மணலில் உருட்டி, துளை போட்டு, தோலில் தேய்த்த பத்தாயிரம் மணிக்குப் பின்னால் எத்தனை பேரின் எத்தனை நாள் இருந்திருக்கும்? அவர்களுக்கென்று அறையும் இல்லை, எண்ணும் இல்லை. ஆதிக்கம் வெள்ளைக்காரன் கப்பலில் மட்டும் வந்து இறங்கவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்லணும். ஜூனியில் தாய்வழிக் குலங்கள் உண்டு. கல் அரைப்பது எந்த ஒரு குலத்துக்கும் விதிக்கப்பட்ட வேலை அல்ல. அரைக்கிறவர் பிள்ளை அரைத்தே ஆகணும் என்றில்லை. அரைக்கிறவர் சடங்குக்கு வரக்கூடாது என்றும் இல்லை. அம்பேத்கர் பேச விடாமல் தடுக்கப்பட்டு 1936-ல் அச்சில் வந்த சாதி ஒழிப்பு உரையில், வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களைப் பிரித்து மேல்கீழாக அடுக்குவது வேறு என்று காட்டினாரே, அதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சாணை அதே சாணை. தூசி அதே தூசி. இங்கே அந்த வேலையோடு சாதி ஒட்டிக்கொண்டது, அங்கே ஒட்டவில்லை. அப்படியானால் வேலையில் இழிவு இல்லை. இழிவு வெளியிலிருந்து வைக்கப்பட்டது.

வெள்ளியும் கல்லும் அங்கே ஒன்றுசேர்ந்த கதைக்குப் பின்னாலும் ரத்தம் உண்டு. பக்கத்து நவஹோ மக்களை – தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறவர்களை – 1864-ல் அமெரிக்க ராணுவம் வயலையும் பழமரத்தையும் அழித்துவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டுபோய் பொஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினியிலும் நோயிலும் கிடந்தார்கள். 1868-ல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஊர் திரும்ப முடிந்தது. அதற்குப் பிறகு வந்த காலத்தில்தான் நவஹோக்களிடம் வெள்ளி வேலை பரவியது. 1870-களில் ஒரு நவஹோ கொல்லரிடமிருந்து ஜூனிக்காரர் அந்த வேலையைக் கற்றார்கள். 1890 வாக்கில் வெள்ளியில் கல் பதிக்கத் தொடங்கினார்கள். ஜான் அடேர் என்ற மானிடவியலாளர் 1930-களின் கடைசியில் அங்கே தங்கி, பெரியவர்களிடம் கேட்டு, 1944-ல் வெளியிட்ட புத்தகத்தில் இது வருகிறது.

சந்தை உடனே மோப்பம் பிடித்தது. ரயில் பாதையில் ஓட்டல் நடத்திய ஃப்ரெட் ஹார்வி கம்பெனி 1899-ல் ஒரு வேலை செய்தது. கல்லை வேறு இடத்தில் வெட்டி, வெள்ளியையும் சேர்த்து வணிகர் மூலம் நவஹோ கொல்லர்களுக்குக் கொடுத்து, சுற்றுலா வருகிறவர் வாங்குகிற மாதிரி லேசான நகைகளைச் செய்யச் சொன்னது. தங்கள் உடம்புக்காக, தங்கள் சடங்குக்காகக் கனமாகச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, அளவையும் எடையையும் வடிவத்தையும் ரயில் பயணி தீர்மானித்தான். அதே காலத்தில், பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகக் கல் எடுத்துவந்த செரியோஸ் மலைச் சுரங்கங்கள் கம்பெனிகள் கைக்குப் போயின. நல்ல கல் நியூயார்க்குக்குப் போனது.

1930-களில் பொருளாதார மந்தம். ரியோ கிராண்டே ஆற்றங்கரைக் கேவா ஊரில் (அப்போது சான்டோ டொமிங்கோ என்பார்கள்) கல் வாங்கக் காசில்லை. உடைந்த கிராமபோன் தட்டு, பழைய கார் பேட்டரிப் பெட்டி – இவற்றை வெட்டித் தேய்த்து, கறுப்புக் கல்லுக்குப் பதிலாக வைத்து, மேலே சின்னச் சின்ன டர்க்காய்ஸ் துணுக்குகளை ஒட்டிக் கழுத்துமாலை செய்தார்கள். ரோட்டோரத்தில் பயணிகளுக்கு விற்றார்கள். அன்றைக்கு அது மலிவுச் சரக்கு. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். குப்பையிலிருந்து அழகை எடுத்தவர்கள் யார் என்ற பட்டியல் மட்டும் எங்கேயும் முழுசாக இல்லை.

4

இந்தப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்த நகைகளில் பெரும்பாலானவற்றில் செய்தவர் முத்திரை கிடையாது. வணிகர் கல்லும் வெள்ளியும் கொடுப்பார், செய்து வந்ததை எடுத்துக்கொள்வார், மாவும் சர்க்கரையும் துணியும் கணக்கில் போவதும் உண்டு. ஜூனியில் 1920 வாக்கில் வந்து இறங்கிய சி.ஜி. வாலஸ் என்ற வணிகரிடம் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தவை 1975-ல் பீனிக்ஸ் நகரத்தில் ஏலத்துக்கு வந்தன. பல கைவினைஞர்களின் பெயரை அவர் குறித்து வைத்திருந்தார்; லீக்யா தேயூசே (1889–1966) மாதிரி ஒரு மகத்தான கல் செதுக்குகிறவரை உலகம் தெரிந்துகொண்டதில் அவருக்கும் பங்கு உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் ஏலத்துக்கு என்ன பெயர்? வாலஸ் சேகரிப்பு. வாங்கினவன் பெயர் தலைப்பில், செய்தவன் பெயர் அடிக்குறிப்பில்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஜூனியின் ‘ஊசிமுனை’ வேலை என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் கூர்ந்த, சில மில்லிமீட்டரே நீளமுள்ள கல். ஒவ்வொன்றும் தனித்தனியாக உருட்டி மெருகிட்ட கபோஷான். ஒரே காப்பில் இப்படி நூற்றுக்கு மேல் பதிப்பார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலம். கணவன் வெள்ளி வேலை, மனைவி கல் வேலை என்று பிரித்துக்கொண்ட வீடுகள் ஏராளம், மாறியும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபோது பெண்கள் வெள்ளி வேலையையும் கையில் எடுத்தார்கள். 1970-களில் டர்க்காய்ஸ் நகைக்கு அமெரிக்காவில் பெரிய மோகம் வந்து, வாங்குகிறவர்கள் பெயர் கேட்கத் தொடங்கிய பிறகுதான் முத்திரை குத்துவது பரவலானது. கணவன் மனைவி இரண்டு பேர் பெயரையும் சேர்த்துக் குத்துகிற வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. கேட்கிறவன் கேட்டால்தான் பெயர் வெளியே வருகிறது. இது நமக்குப் பாடம்.

மோகம் வந்ததும் போலியும் வந்தது. பொடிந்து போகிற கல்லுக்குப் பிசின் ஏற்றிக் கெட்டியாக்குகிறார்கள். தூளைப் பிசினில் குழைத்துக் கட்டியாக்குகிறார்கள். வேறு வெள்ளைக் கல்லுக்குச் சாயம் போடுகிறார்கள். எதுவும் ஏற்றாமல் அப்படியே அரைக்கத் தாங்குகிற இயற்கைக் கல் குறைவு. அதனால்தான் அந்த விலை. பிசின் ஏற்றியதைச் சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் களவு. இதைவிடப் பெரிய களவு, வேறெங்கோ செய்ததை ‘இந்தியர் செய்தது’ என்று விற்பது. இதைத் தடுக்க 1935-ல் ஒரு சட்டம் வந்தது. 1990-ல் அது இறுக்கப்பட்டது. தனியாள் முதல் தடவை அகப்பட்டால் இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் அபராதம், ஐந்து வருஷம் வரைக்கும் சிறை. 2015-ல் மத்திய அதிகாரிகள் நடத்திய பெரிய சோதனையில், பிலிப்பைன்ஸில் செய்து கொண்டுவந்த நகைகளை நியூ மெக்சிகோ கடைகளில் பூர்வகுடிகள் செய்ததாக விற்றது அகப்பட்டது.

இங்கே இரண்டு விஷயத்தை நாம் கேட்டாகணும். முதலாவது, பிலிப்பைன்ஸில் உட்கார்ந்து அந்தக் கல்லை அரைத்தவர் யார்? களவாணி அவர் அல்ல. அவர் உழைப்புக்கும் பெயர் அழிக்கப்பட்டது. ஜூனிக்காரர் பெயரும் திருடப்பட்டது. ஒரே வியாபாரத்தில் இரண்டு ஏழைகளை ஒருத்தருக்கொருத்தர் எதிராக நிறுத்திவிட்டு நடுவில் இருக்கிறவன் காசு பார்த்தான்.

இரண்டாவது, சட்டம் யாரை ‘இந்தியர்’ என்கிறது? அரசு அங்கீகரித்த பழங்குடியின் உறுப்பினரை, அல்லது அந்தப் பழங்குடி கைவினைஞர் என்று சான்று கொடுத்தவரை. அங்கீகாரம் கிடைக்காத குழுவில் பிறந்தவர் அதே கையால் அதே கல்லை அரைத்தாலும் சட்டப்படி அது இந்தியர் செய்தது ஆகாது. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்கணும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியே. பாதுகாக்கிற சட்டமும் வேணும். யாருக்குப் பாதுகாப்பு என்று முடிவுசெய்கிற அதிகாரம் யார் கையில் என்ற கேள்வியும் வேணும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிட முடியாது.

5

கடைசியாகத் தூசி. டர்க்காய்ஸோடு ஒட்டி வருகிற தாய்ப்பாறையில் பெரும்பாலும் சிலிக்கா இருக்கும். காய்ந்த கல்லை அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலில் போய்த் தங்கி, அங்கே தழும்பாகும். அதற்குப் பெயர் சிலிகோசிஸ். தழும்பு விழுந்த நுரையீரலைத் திருப்பிச் சரியாக்க மருந்து கிடையாது. பிசின் ஏற்றிய கல்லை அரைத்தால் பிசின் தூசியும் சேரும். தண்ணீர் விட்டு அரைப்பது, காற்றை இழுத்து வெளியே தள்ளுவது, தகுந்த முகமூடி – காப்பு என்று இருப்பது இதுதான். பட்டறை வீட்டுக்குள்ளேயே இருந்தால் தூசி குழந்தை தூங்குகிற இடத்துக்கும் போகும். குஜராத்தின் கம்பத் ஊரில் அகேட் கல் அரைத்துச் செத்த ஏழைகளின் கதையும் இதே கதைதான். சிலிகோசிஸால் சாகிறவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. மெருகு கல்லுக்கு, கீறல் நுரையீரலுக்கு. கல்லின் கீறலை அழிக்க எண் எண்ணாகச் சாணை இருக்கிறது. இந்தக் கீறலை அழிக்க எதுவும் இல்லை.

இந்த இதழைப் படிக்கிற மாணவர்களிடமும் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். திருச்சிப் பக்கத்தில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. குச்சி பிடித்த கை, குனிந்த முதுகு, கண்ணெரிச்சல், உருப்படிக்கு இத்தனை என்ற கூலி – இதையெல்லாம் சொல்ல அந்தத் தலைமுறை இன்னும் இருக்கிறது. தோல் பதனிட்டவர்கள், கல் உடைத்தவர்கள், சங்கு அறுத்தவர்கள் இருக்கிறார்கள். போய் உட்காருங்கள். என்ன வேலை, எந்தக் கருவி, அதற்கு அவங்க வாயில் என்ன பேர், யாரிடம் கற்றார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், உடம்புக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். அவங்க சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஊரும் பேரும் போட அவங்க சம்மதித்தால் போடுங்கள். ஜூனியில் வாங்குகிறவன் பெயர் கேட்டதால் நகையின் பின்பக்கத்தில் பெயர் ஏறியது. நம்ம சனங்களின் பெயரைச் சந்தை கேட்கும் என்று காத்திருக்க முடியாது. நாமதான் கேட்கணும்.